ஆண்களுக்கான ஹீல்ஸ்: முதல் ஜோடியை வாங்குவதிலிருந்து படியிறங்கப் பழகுவது வரை

ஹை ஹீல்ஸ் அணிந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ஓர் ஆணுக்கு ஏற்படும்போது, அவர் பெரும்பாலும் செய்யும் தவறு, நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த ஜோடியையே முதல் ஜோடியாக வாங்கிவிடுவதுதான். நானும் அதையே செய்தேன். 10 செ.மீ. உயரமும் பென்சில் போல் மெலிந்த குதியும் கொண்ட, என் அளவுக்கு ஓர் எண் சிறியதான கறுப்பு பூட்ஸை இணையத்தில் வாங்கி, கட்டிலின் விளிம்பில் அமர்ந்து போராடி ஜிப்பை ஏற்றி, எழுந்து நின்ற நான்காவது நிமிடத்தில் கழற்றி வைத்தேன். ஹீல்ஸ் என் கால்களுக்கு ஒத்துவராது என்று அடுத்த ஓராண்டு நம்பிக்கொண்டும் இருந்தேன். அந்த ஒரு ஜோடிதான் ஒத்துவரவில்லை என்பது, பாதத்தை ஒழுங்காக அளந்த பிறகே தெரிந்தது.

இந்த ஆசையை எண்ணிக் கூச்சப்படுபவர்கள், உயர்ந்த குதி ஆண்களின் காலிலிருந்தே ஐரோப்பாவுக்குப் போனது என்பதை அறிந்துகொள்ளலாம். பாரசீகக் குதிரை வீரர்கள் சேணத்தின் கால்வளையத்தில் எழுந்து நின்று அம்பு எய்யும்போது பாதம் வழுக்கி உள்ளே போய்விடாமல் தடுப்பதற்காக அமைந்த குதி, 1599-இல் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பியதை ஒட்டிய காலத்தில், அங்கிருந்த பிரபுக்களிடையே பரவியது. 1701-இல் ஹியாசிந்த் ரிகோ வரைந்த ஓவியத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த காலணியோடு நிற்கிறார். டொரோண்டோ நகரின் பாட்டா காலணி அருங்காட்சியகம், ஆண்களின் ஹீல்ஸ் வரலாற்றுக்கென்றே 2015-இல் தனிக் கண்காட்சி நடத்தியது. வரலாறு இவ்வளவு போதும். இனி அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பாதத்தை அளத்தல்

மாலை நேரத்தில் அளவெடுங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், காலையில் எடுத்த அளவை நம்பி வாங்கிய காலணி மாலையில் கடிக்கும். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி எடை முழுவதையும் அந்தக் காலில் போட்டு நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறியுங்கள். இரு பாதங்களையும் அளந்து, பெரியதைக் கணக்கில் கொள்ளுங்கள். அந்த நீளத்தோடு 1.5 செ.மீ. கூட்டி, வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கினால் ஐரோப்பிய எண் தோராயமாகக் கிடைத்துவிடும்: 26.5 செ.மீ. பாதத்துக்கு 42. ஐரோப்பிய முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் என்பதால், ஆரம்பத்தில் இதையே பின்பற்றுவது குழப்பத்தைத் தவிர்க்கும். அமெரிக்க எண்ணில் வாங்குபவர்கள், ஆண்களுக்கான எண்ணோடு ஒன்றரை கூட்டினால் பெண்களுக்கான எண்ணை நெருங்கலாம்.

நீளம் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம், ஏனெனில் ஆண்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது அகலத்தில்தான். காலணி தயாரிப்பவர்கள் லாஸ்ட் என்னும் கால் அச்சின்மேல் தோலை இழுத்துக் காலணியை உருவாக்குகிறார்கள். ஒரே நீளமுள்ள ஆண் அச்சையும் பெண் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெண் அச்சின் முன்பகுதி குறுகலாக இருக்கும். அமெரிக்க அகலக் குறியீட்டில் பெண்களுக்கு இயல்பான அகலம் பி, ஆண்களுக்கு அதைவிட அகன்ற டி என்றிருப்பதே இதற்குச் சான்று. ஆகவே விரல்களின் அடியில் பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு, அகலமான வகை கிடைக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கிடைக்காதபோது ஓர் எண் பெரிதாக வாங்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்போது குதிகால் பின்புறம் கழன்றுகொண்டே இருக்கும், உள்ளே பஞ்சுத் திண்டு ஒட்டினாலும் ஓரளவே நிற்கும். முழங்கால் வரை ஏறும் பூட்ஸ் வேண்டும் என்றால் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும் அளந்தாக வேண்டும். பாதம் நுழைந்த பிறகு ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டால், அந்த பூட்ஸை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

படி 2: உயரத்தைவிடச் சரிவைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் குதியின் உயரத்தையே கேட்கிறார்கள். பாதம் உணர்வதோ சரிவை. 10 செ.மீ. குதியுள்ள காலணியின் முன்பகுதியில் 3 செ.மீ. தடிமனுள்ள பிளாட்ஃபார்ம் என்னும் அடித்தட்டு இருந்தால், பாதத்துக்கு அது 7 செ.மீ. குதிதான். இந்தக் கழித்தல் கணக்கைச் செய்யாமல் எந்தக் காலணியையும் மதிப்பிடாதீர்கள்.

ஆண்களுக்கு இங்கே ஒரு சிறு சலுகையும் இருக்கிறது. 23 செ.மீ. பாதத்துக்கு 8 செ.மீ. குதி தரும் சரிவு தோராயமாக 29 பாகை என்றால், 27 செ.மீ. பாதத்துக்கு அதே குதி 24 பாகைக்கு அருகில்தான் வரும், ஏனெனில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான தூரம் நீண்டுவிடுகிறது. ஆகவே ஒரு தோழி "எட்டு செ.மீ. எனக்கு அதிகம்" என்று சொன்னால், அது உங்களுக்கும் அதிகமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

உங்கள் கணுக்கால் எவ்வளவு சரிவைத் தாங்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை மடக்காமல் காலை நேராக நீட்டி, பாதத்தைத் தளர விடுங்கள். ஓர் அட்டையைப் பாதத்தின் பக்கவாட்டில், காலுக்குச் செங்குத்தாக, குதிகாலின் அடிப்பகுதியோடு சமமாகப் பிடித்துக்கொண்டு, பெருவிரலின் அடியிலுள்ள மேடு அந்த அட்டையைத் தாண்டி எவ்வளவு முன்னே நீண்டிருக்கிறது என்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவை உங்களுக்கு இயல்பான குதி உயரத்தின் தோராயமாகக் கொள்ளலாம். பாதம் சற்றும் முன்சாயாமல் நிமிர்ந்தே நிற்குமானால், 3 அல்லது 4 செ.மீ. குதியிலிருந்து தொடங்குவது நல்லது. லத்தீன் நடனம் ஆடும் ஆண்களின் காலணியில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான்.

படி 3: குதியின் வடிவம்

ஒரு சிறு கணக்கு. 80 கிலோ எடையுள்ளவர் ஒரு கணம் ஒற்றைக் குதியின்மேல் முழு எடையையும் போடுகிறார் என்று கொள்வோம். ஸ்டிலெட்டோ என்னும் மெலிந்த குதியின் நுனி 1 சதுர செ.மீ. என்றால் அந்த 80 கிலோவும் அங்கேயே இறங்கும், 5 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள, பிளாக் ஹீல் என்னும் கட்டைக் குதி என்றால் சதுர செ.மீ.க்கு 3 கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இறங்கும். எடை கூடக்கூட மெலிந்த குதி பக்கவாட்டில் ஆடுவதும் கூடும், உள்ளே உள்ள இணைப்பும் விரைவில் தளரும். எனவே தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று: 5 முதல் 7 செ.மீ. வரையான பிளாக் ஹீல் அல்லது கீழ்நோக்கிச் சற்றே குறுகும் கியூபன் ஹீல் வைத்த, கணுக்காலுக்கு மேல்வரை ஏறி லேஸ் கட்டும் பூட்ஸ். லேஸ் பாதத்தைப் பின்னே இழுத்துப் பிடிப்பதால் விரல்கள் முன்னே சறுக்கிச் செருகுவதில்லை, கணுக்காலுக்கும் பிடிமானம் கிடைக்கிறது. 1960-களில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் அணிந்து பரப்பிய கியூபன் ஹீல் பூட்ஸும், அமெரிக்க மாட்டுக்காரர்களின் பூட்ஸும் ஆண்களின் அச்சில் தயாராபவை என்பதால், அகலப் பிரச்சினை அவற்றில் பாதியாகக் குறைந்துவிடும். வெட்ஜ் வகை மிகப் பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள். அடிப்பகுதி முழுவதும் ஒரே கட்டையாக இருப்பதால் பாதம் உருளும் உணர்வே அதில் வராது என்பதால், நடை பழகுவதற்கு நான் அதை விரும்புவதில்லை.

கடையில் காலணியை மேசைமேல் வைத்து, குதியின் மேற்பகுதியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடுத்து, பாத வளைவின் கீழுள்ள பகுதியைக் கையால் வளைக்க முயலுங்கள். உள்ளே ஷாங்க் என்னும் எஃகுப் பட்டை ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தால் அந்த இடம் வளையாது, விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளையும். மேல்பாகம் உண்மையான தோலாக இருந்தால் சில வாரங்களில் உங்கள் பாதத்துக்கு ஏற்ப அகலத்தில் சற்று இளகிக் கொடுக்கும். ரெக்சின் அப்படி இளகாது, ஆகவே கடையில் கடித்தது வீட்டிலும் கடிக்கும். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் காலணித் தொழிலில் இருக்கும் நண்பர் யாரேனும் உங்களுக்கு இருந்தால், அவரையும் உடன் அழைத்துப் போங்கள். காலணியைத் தொட்டே தரத்தைச் சொல்லிவிடுவார்.

படி 4: கால்களைத் தயார் செய்தல்

ஒரு வாரம் போதும். சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாதபடி கெண்டைக்கால் தசையை அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். பிறகு வெறுங்காலோடு மெதுவாக முன்பாதத்தில் எழுந்து மெதுவாக இறங்குங்கள். ஹீல்ஸைக் கழற்றியதும் இந்த இழுப்பைச் செய்வது பிற்காலத்திலும் தொடர வேண்டியது: ஆண்டுக்கணக்கில் அடிக்கடி ஹீல்ஸ் அணிந்த பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுடைய கெண்டைக்கால் தசையிழைகள் குறுகி, அந்தத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் இறுகியிருந்ததைக் கண்டது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளும், அடிக்கடி கணுக்கால் பிசகுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

படி 5: நிற்கப் பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. குதி உயர்ந்ததும் எடை முன்பாதத்துக்குச் சரியும். அதைச் சமாளிக்க உடல் தானாகவே முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளி, தோளை முன்னே கொண்டுவந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சேற்றில் இறங்கத் தயங்குபவரின் தோற்றம்போல் இருக்கும். கண்ணாடியின் முன் பக்கவாட்டில் நின்று, முழங்கால்களை நிமிர்த்துங்கள், ஆனால் பூட்டுப் போட்டதுபோல் இறுக்காதீர்கள். அடிவயிற்றைச் சற்று உள்ளே இழுத்து, எடையில் ஒரு பங்கு குதிகாலுக்குள்ளும் இறங்குவதை உணரும்வரை உடலைப் பின்னே கொண்டுவாருங்கள். காலணிக்குள் விரல்களை அசைக்க முடிந்தால் எடை சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். பல் துலக்கும்போது, பாத்திரம் கழுவும்போது என்று பத்து நிமிடங்களாகப் பிரித்து நான்கைந்து நாள்கள் நின்றாலே போதும்.

படி 6: நடை

கம்பளம் அல்லது கோரைப்பாய் விரித்த தரையில் தொடங்குங்கள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடியிருந்தால் இது அவருக்கும் செய்யும் உதவி. வழக்கமாக எட்டிவைக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எட்டிவைத்து, குதி மெல்லத் தரையைத் தொட்ட உடனேயே முன்பாதமும் இறங்கும்படி அடி வையுங்கள். முழு எடையையும் குதியில் இறக்கி ஊன்றினால் அது முன்னே சறுக்கும். முன்பாதத்தை முதலில் வைத்தால் கொக்கு நடையாகிவிடும். கண்கள் காலைப் பார்க்காமல் ஐந்தாறு மீட்டர் தொலைவில் இருக்கட்டும், கைகள் தளர்ந்து ஆடட்டும். ஒரு காலின் முன் இன்னொரு காலைக் குறுக்கே வைக்கும் மேடை நடையைத் தொடக்கத்திலேயே முயல வேண்டாம். அகன்ற இடுப்பெலும்பு இல்லாத பலருக்கு அது வெறும் தள்ளாட்டமாகவே முடிகிறது.

பிறகு டைல்ஸ் தரைக்கு மாறி, காதைப் பயன்படுத்துங்கள். சீரான இடைவெளியில் சுருக்கமான "டக்" ஒலி வந்தால் நடை சரி. "சர்" என்று இழுபட்டால் பாதத்தைப் போதிய அளவு தூக்கவில்லை. ஒரு காலின் ஒலி மட்டும் பலமாக இருந்தால் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. நாளுக்கு இருபது நிமிடம் நடங்கள், விரல்கள் மரத்துப்போவதுபோல் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

படி 7: படிக்கட்டும் வெளித்தரையும்

ஏறுவது எளிது: இடமிருந்தால் பாதம் முழுவதையும் படியின்மேல் வையுங்கள், இல்லையென்றால் முன்பாதத்தை உறுதியாக ஊன்றுங்கள். இறங்கும்போதுதான் விழுகிறோம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடலைச் சற்றே கோணலாகத் திருப்பி, குதி படியின் விளிம்பில் பட்டு நழுவாதபடி பாதம் முழுவதும் படிக்குள் அமர்ந்த பிறகே அடுத்த அடியை எடுங்கள். நகரும் படிக்கட்டின் பள்ளங்களும் சாக்கடைக் கம்பி மூடிகளும் மெல்லிய குதியை விழுங்கக் காத்திருப்பவை. வாகனம் ஓட்டும்போது ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். சாதாரணச் செருப்பு ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். கால்சட்டை தைக்கக் கொடுக்கும்போது, அந்த பூட்ஸை அணிந்துகொண்டே நீளத்தை அளக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணுக்காலுக்கு மேலே துணி தொங்கும்.

படி 8: குதி முனையைக் கவனித்தல்

குதியின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் முனை தேய்ந்து, உள்ளே இருக்கும் ஆணி தரையைத் தொடத் தொடங்கினால், பளிங்குத் தரையில் வழுக்கி விழுவது உறுதி. மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அந்த முனையைத் தெருவில் செருப்புத் தைப்பவரே மாற்றித் தருவார். இரண்டாவது ஜோடியின் வலக்குதி வெளிப்பக்கமாக மட்டும் தேய்ந்துபோனதைப் பார்த்து, தயாரித்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டே நான் சென்னைப் பெரியமேட்டில் செருப்புத் தைக்கும் ஒரு முதியவரிடம் கொடுத்தேன். அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பூட்ஸின் அளவையும் என் காலையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "செருப்புல தப்பில்ல தம்பி, நீங்க வலது காலை வெளிப்பக்கமா சாச்சு வைக்கிறீங்க" என்றார். புதிய முனை போட்டு வீட்டுக்கு வந்து, ஐந்தாம் படிக்குத் திரும்பி, இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்றேன்.