தீம் பார்க்குக்குப் போகிறீர்களா? முதலில் வரிசைகளைத் திட்டமிடுங்கள்

பெரிய தீம் பார்க்குக்கு முதல்முறை போனபோது 18 சவாரிகளைத் தாளில் எழுதி எடுத்துப் போனேன். இரவு அறைக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தால் ஏறியது ஆறு. மற்ற நேரமெல்லாம் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே, முன்னால் நின்றவரின் முதுகுப்பையைப் பார்த்தபடி கழிந்திருந்தது. அந்தப் பையின் ஜிப்பில் தொங்கிய மஞ்சள் வாத்து பொம்மைக்கு ஒரு கண் இல்லை என்பதுவரை நினைவிருக்கிறது. அடுத்த பயணத்தில் சவாரிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வரிசையில் எப்போது நிற்பது என்று மட்டும் யோசித்தேன். அந்த முறைதான் கீழே இருக்கிறது.

படி 1: இடத்தின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

"டிஸ்னி வேர்ல்டை ஒரு நாளில் பார்த்துவிடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. ஃப்ளோரிடாவில் இருக்கும் அந்த வளாகம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு தனித்தனிப் பூங்காக்கள்: மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998). இவை போக இரண்டு நீர்ப் பூங்காக்கள். ஒரு பூங்காவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக் கிங்டமுக்கு காரில் போகிறவர்கள் வாசலில் இறங்கிவிட முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு, ஏரியைக் கடக்க மோனோரயிலோ படகோ ஏற வேண்டும். இதற்கு நேர்மாறாக, கலிபோர்னியாவில் 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டும் அதன் இரண்டாவது பூங்காவும் எதிரெதிர் வாசல்கள். எந்தப் பூங்காவானாலும் வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து நுழைவாயிலை அடைய எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி இரண்டையும் தவிர்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த நாளில் கூட்டம் குறைவு என்று ஊகிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பல பெரிய பூங்காக்கள் தேதிக்கு ஒரு விலை வைத்து டிக்கெட் விற்கின்றன. கூட்டம் எப்போது வரும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? டிக்கெட் மலிவாக இருக்கும் நாளில் பெரும்பாலும் கூட்டமும் குறைவு. தேதியை உறுதி செய்யும் முன் அந்த நாளின் திறப்பு நேரத்தையும், பராமரிப்புக்காக மூடியிருக்கும் சவாரிகளையும் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

வானிலையையும் மறக்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடியுடன் மழை வழக்கம். மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கூரை உள்ள இடத்தில் பொறுமையாக இருங்கள். கூட்டத்தில் ஒரு பகுதி நனைந்து வீட்டுக்குக் கிளம்பிவிடும். மழைக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

படி 3: குழந்தையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

இதைத் தவிர்த்ததற்கு நான் கொடுத்த விலை, 50 நிமிடக் காத்திருப்பும் ஓர் அழுகையும். ரோலர் கோஸ்டர் வரிசையின் முனையை எட்டியபோது பணியாளர் அளவுகோலை என் மகளின் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு விரல் அளவு குறைந்தது. அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் இருக்கையின் பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்துக்கு ஏற்றபடி அமைந்தது. மேஜிக் கிங்டமை மட்டும் எடுத்துக்கொண்டாலே, செவன் டுவார்ஃப்ஸ் சுரங்க ரயிலுக்கு 97 செ.மீ., ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., ட்ரான் சவாரிக்கு 122 செ.மீ. வேண்டும். வீட்டுச் சுவரில் அளந்து, ஏற முடியாதவற்றைக் குழந்தைக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வரும் ஏமாற்றத்தைவிட இது சிறியது.

கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதியைக் கேளுங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு இருப்பார். பிறகு அவர் முழு வரிசையில் நிற்காமலேயே ஏறலாம். டிஸ்னி, யுனிவர்சல் ஆகிய இரு நிறுவனங்களின் பூங்காக்களிலும் இது உண்டு. ஆனால் வரிசையில் நுழையும்போதே பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

படி 4: வரிசைக் கணக்கு

ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் அரை மணி நேரம். இப்போது கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு ஒரு விரைவு வரிசை திறக்கிறது. நான்கு இடங்களில் மூன்று அவர்களுக்குப் போனால் உங்கள் வரிசைக்கு மணிக்கு 300 இடங்கள்தான். அதே 600 பேருக்கு இரண்டு மணி நேரம்! உங்கள் வரிசை குட்டையாகத் தெரிந்தும் நகராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டிஸ்னியில் இந்த வசதி 1999-இல் இலவசமாகத் தொடங்கியது. 2021-இல் கட்டணத்துக்கு மாறியது. விரைவு டிக்கெட் வாங்கலாமா என்றால், ஒரே நாள் பயணமும் கூட்டமான தேதியுமாக இருந்தால் வாங்கலாம் என்பேன். கூட்டமில்லாத நாளில் அது வீண் செலவு. தனித்தனியாக உட்காரத் தயார் என்றால் சில சவாரிகளில் ஒற்றை ஆள் வரிசை இருக்கும். மீந்த இருக்கைகளை நிரப்புவதற்கானது அது, செலவும் கிடையாது.

படி 5: அன்றைய நாள்

திறப்பு நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது. முதல் ஒன்றரை மணி நேரத்தில், மிகப் பெரிய வரிசை சேரக்கூடிய இரண்டு மூன்று சவாரிகளை முடித்துவிடலாம். நுழைந்ததும் எதிர்ப்படும் கடைகளில் நிற்காதீர்கள். அவை இரவிலும் அங்கேயேதான் இருக்கும்.

மதிய உணவை 11 மணிக்கே முடியுங்கள். உச்சி வேளையில் எல்லா வரிசைகளும் பெருத்திருக்கும். அப்போது நிகழ்ச்சி அரங்குகள், அல்லது ஹான்டட் மேன்ஷன்போல இருக்கைகள் நிற்காமல் சுற்றிவந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் உள்ளரங்கச் சவாரிகள். இத்தகைய வரிசைகள் நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த காற்றும் இலவசம்.

பையில் குடிநீர் பாட்டில், பவர் பேங்க், மழைக்கோட், கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். பூங்காவின் செயலியை முந்தைய இரவே இறக்கி, டிக்கெட்டை அதில் சேர்த்துவிடுங்கள்.

இரவில் பலரும் வாணவேடிக்கை பார்க்க ஒரே இடத்தில் திரளும்போது மற்ற வரிசைகள் மெலியும். மூடும் நேரத்துக்குச் சற்று முன் வரிசையில் நுழைந்துவிட்டால், டிஸ்னி பூங்காக்களில் ஏற்றித்தான் அனுப்புவார்கள்.

காலையில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் எண்ணைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நாங்கள் எடுக்கவில்லை. தோளில் தூங்கும் குழந்தையோடு, ஒரே நிற வெள்ளைக் கார்களுக்கு நடுவே, சாவியை அமுக்கி எங்காவது விளக்கு மின்னுகிறதா என்று 40 நிமிடம் நடந்தோம்.