நாயும் பிள்ளையும் உள்ள வளவில் நத்தை ஒழிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், திருகோணமலையில் உப்புவெளி, சாம்பல்தீவு, பாலையூற்றுப் பக்க வளவுகளில் நத்தை கிளம்பிவிடும். முதல் நாள் நட்ட கத்தரிக் கன்றில் காலையில் தண்டு மட்டும் நிற்கும். கிணற்றுக்கட்டில் சளி காய்ந்து மினுங்கும். அந்தக் கோபத்தோடு கடைக்குப் போய்க் கைக்குக் கிடைத்த மருந்தை வாங்கி வந்து கொட்டுகிறோமே, பெரிய பிழை அங்கேதான் தொடங்குகிறது.

போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் நத்தை மருந்தைச் சிரட்டையில் குவித்துத் தக்காளிக்கு அடியில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு நாய் வேலியால் நுழைந்து அதை நக்கித் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, விழுந்து இழுக்கத் தொடங்கியது. விசர் பிடித்துவிட்டதென்று பயந்து யாரும் கிட்டப் போகவில்லை. மருந்துதான் காரணம் என்று விளங்கும்போது பொழுது பட்டுவிட்டது. நாய் பிழைக்கவில்லை.

நத்தைக்கென்று விற்கும் குறுணை மருந்துகள் பலவற்றில் இருப்பது மெற்றல்டிஹைட். நத்தையை இழுப்பதற்காக அதைத் தவிடு, மாவு போன்றவற்றோடு சேர்த்துச் செய்கிறார்கள். அந்த வாசனை நாயையும் இழுக்கும். சின்ன நாய்க்கு ஓரிரு தேக்கரண்டியே உயிராபத்து. பெரும்பாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வலிப்பு, கடும் உடற்சூடு வந்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வலிப்பையும் சூட்டையும் அடக்கித்தான் மிருக வைத்தியர் காப்பாற்றப் பார்ப்பார். பச்சை, நீல நிறக் குறுணையைத் தவழும் பிள்ளை இனிப்பு என்று நினைத்து வாயில் போடும். பிரித்தானியாவில் 2022இல் இருந்து வெளித் தோட்டங்களில் இதைப் பாவிக்கவே தடை.

மருந்து இல்லாமல் முடியவே முடியாது என்றால் இரும்புப் பொஸ்பேற்று உள்ளதைக் கேட்டுப் பாருங்கள். ஆபத்து எவ்வளவோ குறைவு. ஆனாலும் பையோடு தின்றால் அதுவும் கெடுதிதான். எதுவானாலும் குவித்து வைக்காமல், லேபிளில் சொன்ன அளவுக்கு ஐதாகத் தூவுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலிலோ பிஸ்கட் டின்னிலோ மாற்றாமல், வாங்கிய பையோடு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை தின்றுவிட்டதென்று சந்தேகம் வந்தாலே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், மருந்துப் பையையும் கையில் கொண்டு போங்கள். பால், தேங்காயெண்ணெய் பருக்குவதும், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். நாய்க்கும் அப்படித்தான், நேரே மிருக வைத்தியரிடம்.

அடுத்தது உப்பு. நத்தை சாகும், உண்மைதான். ஆனால் கடலோர மணலும் கோடையில் கரிக்கிற கிணற்றுத் தண்ணீருமாக நம் பயிர் ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டுகிறது. பாத்தியில் இன்னும் உப்பைக் கொட்டினால் நத்தைக்குத் தப்பிய கன்றும் கருகிவிடும். பூச்சிக்கு அடிக்கும் மருந்தும் வேண்டாம்; நத்தை பூச்சி இனமே இல்லை.

வெறுங்கையால் பிடிப்பதை நாங்கள் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துப் பொறுக்க விடுகிற வீடுகள்கூட உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடம்பில் இருக்கக்கூடும். கையோடு வாய்க்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி வரலாம். அதனால் கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சம்பல் போடுகிற வல்லாரையை இலை இலையாகப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். இலையில் ஒட்டியிருக்கும் கடுகளவு நத்தைக் குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாது. இன்னொன்று, நாயின் சோற்றுச் சட்டியை இரவில் வெளியே விடாதீர்கள். ரோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், சட்டியின் உள்விளிம்பில் ஓடில்லாத கறுப்பு நத்தைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். விடிய அந்தச் சோற்றைத்தான் நாய் நக்கும்.

பிடித்ததை மதிலுக்கு மேலால் வெறும் காணிக்குள் எறிவதும் வீண். இரண்டு மூன்று இரவில் திரும்பி வந்துவிடும். காலால் மிதித்து நசுக்கிவிட்டு அப்படியே போனால் ஓடு கிடக்கும், மழைத் தண்ணீர் தேங்கும், நுளம்பு முட்டையிடும். பெரிய ஆபிரிக்க நத்தையின் ஓடு ஒன்றே அதற்குப் போதும். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம் இது.

சரி, என்னதான் செய்வது? மாரி தொடங்கி முதல் இரண்டு கிழமை, இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோர்ச்சும் மூடியுள்ள வாளியுமாக அரை மணித்தியாலம் வளவைச் சுற்றுங்கள். நான் பார்த்த வரையில் எந்த மருந்தும் இதற்கு ஈடில்லை. பப்பாசித் தோல், கோவா இலை எதையாவது நனைந்த சாக்குக்கு அடியில் வைத்தால் விடியும் முன் அங்கே கூடிவிடும், அள்ளுவது சுலபம். வாளிக்குள் கடும் உப்புத்தண்ணீர் இருக்கட்டும். மூடியை இறுக்கி உயரத்தில் வையுங்கள், தவழும் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. செத்தவற்றின் ஓட்டை உடைத்து, நாய் கிளறாதபடி இரண்டடி ஆழத்தில், பாத்திக்குத் தூரமாகப் புதையுங்கள். பின்னேரம் தண்ணீர் விடும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றினால் இரவில் மண் மேற்பரப்பு காய்ந்திருக்கும், நத்தைக்கு ஊருவது கஷ்டம்.

செண்பகம் வந்தால் விரட்டாதீர்கள். மதிலில் குந்தி நத்தையைக் கொத்தித் தின்னும் பறவை அது. மருந்து போட்ட வளவில் அதற்கும் ஆபத்து வரலாம்.

இவ்வளவையும் விட இலேசான வேலை கச்சான் காற்று வீசும் மாதங்களில் இருக்கிறது. அப்போது நத்தை ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வால் மூடிக்கொண்டு பொச்சுக் குவியல், கல் அடுக்கு, பழைய கிடுகுக்கு அடியில் உறங்கும். ஓடாது, சளியும் விடாது. ஆவணி, புரட்டாதியில் அந்தக் குவியல்களைப் புரட்டினால் வாளி கணக்கில் எடுக்கலாம். அடியில் மண்ணையும் இரண்டு மூன்று அங்குலம் கிளறிப் பாருங்கள். சவ்வரிசி மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டைகள் கூட்டமாக இருந்தால் அவை முட்டைகள். ஒரே இடத்தில் நூறு, இருநூறு இருக்கும்.