லண்டன் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்குக்கு எந்த ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ்? காலண்டரை வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

தரவரிசையில் முதல் பத்துப் பெயர்களை எழுதிக்கொண்டு, "அக்கா, இதுல எதுக்கு அப்ளை பண்ணலாம்?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகள் எனக்கு நிறைய. பட்டியலில் ஒரு குறையும் இருக்காது. அந்தப் படிப்பு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது, இடையில் வங்கிகள் எப்போது விண்ணப்பம் வாங்குகின்றன என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பார்கள். என் கணக்கில் கல்லூரிப் பெயருக்கு அடுத்தபடியாக, சில சமயம் அதற்கும் முன்பாகவே, பார்க்க வேண்டியது இந்தத் தேதிகளைத்தான்.

எல்லா நாட்டையும் ஒரே பதிவில் அடைக்க முடியாது என்பதால் லண்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பி.காம், பொறியியல், சி.ஏ. முடித்து, வேலை அனுபவம் இல்லாமலோ ஓரிரு வருட அனுபவத்தோடோ இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: எந்த வேலை?

சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய வங்கிகளின் மையங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். அடையாள அட்டையில் அதே வங்கிப் பெயர்தான். ஆனால் அங்கே நடப்பதில் பெரும்பகுதி ஆபரேஷன்ஸ், டெக்னாலஜி, ரிஸ்க். லண்டனில் "ஐபி" (இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்) என்று சொல்லும்போது ஃப்ரன்ட் ஆபீஸைச் சொல்கிறார்கள்: ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்க, விற்க, பங்கு வெளியிட, கடன் திரட்ட ஆலோசனை சொல்லும் குழு. புதிதாகச் சேரும் அனலிஸ்டின் நாள் எக்செல்லிலும் பவர்பாயின்டிலும் கழியும். இரவு பன்னிரண்டைத் தாண்டுவது சகஜம்.

இது உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க, நேர்காணலில் காலம்காலமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 25 சதவீதம் என்று வையுங்கள். லாப நஷ்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 குறையும், ஆக நிகர லாபம் 7.50 குறையும். கேஷ் ஃப்ளோவில் அந்த மைனஸ் 7.50-இல் தொடங்கி, கையை விட்டுப் போகாத செலவான தேய்மானம் 10-ஐத் திரும்பக் கூட்டினால், ரொக்கம் 2.50 கூடியிருக்கும். பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம் 2.50 ஏற்றம், நிலையான சொத்து 10 இறக்கம். மொத்தச் சொத்து 7.50 குறைவு. மறுபக்கம் ரீடெய்ண்ட் எர்னிங்ஸும் (கம்பெனியிலேயே சேர்ந்து நிற்கும் லாபம்) 7.50 குறைய, தராசு சமமாகிவிடும்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமானபோது ஒரு சின்ன சந்தோஷம் வந்ததா? வந்தால் மேலே படியுங்கள். கொட்டாவி வந்தால், அரைக் கோடியை இதில் போடும் முன் நன்றாக யோசியுங்கள்.

படி 2: படிப்பின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

"ஃபைனான்ஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு படிப்புகள் இருக்கின்றன. எம்எஸ்சி ஃபைனான்ஸ் என்றால் கம்பெனி மதிப்பீடு, கார்ப்பரேட் ஃபைனான்ஸ். ஐபி-க்கு நேர் வழி இதுதான். ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங், குவான்ட் ஃபைனான்ஸ் இரண்டும் கணக்கும் கோடிங்கும். டிரேடிங், ரிஸ்க் பக்கம் போகிறவர்களுக்கு. பொறியியல் படித்த பிள்ளைகள் "நமக்குக் கணக்கு வரும்" என்று அதில் சேர்ந்துவிட்டு, பிறகு நிறுவன இணைப்புக் குழுக்களுக்கு அப்ளை செய்வதைப் பார்த்திருக்கிறேன். முடியாதது இல்லை, சுற்றுவழி.

இன்னொரு குழப்பம் அனுபவம். லண்டன் பிசினஸ் ஸ்கூலில் "மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ்" வேலை பார்த்தவர்களுக்கானது. புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கு அங்கே "மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ்" தனியாக உண்டு. கேம்பிரிட்ஜ் எம்ஃபின்னுக்கு (மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸ்) குறைந்தது இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் எம்எஸ்சி, எல்எஸ்இ-யின் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) எம்எஸ்சி ஃபைனான்ஸ் இரண்டிலும் புதியவர்கள் சேரலாம். ஃபைனான்ஷியல் டைம்ஸ் தரவரிசையே இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகத்தான் போடுகிறது. தப்பான பட்டியலைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலண்டர்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

லண்டன் வங்கிகள் அனலிஸ்ட் இடங்களில் பெரும்பாலானவற்றைக் கோடை இன்டர்ன்களைக் கொண்டே நிரப்புகின்றன. பத்து வாரம் வேலை வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்தவர்களுக்கு நிரந்தர வேலை. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் திறப்பது முந்தைய வருட ஜூலை முதல் செப்டம்பருக்குள். பல இடங்களில் வருகிற வரிசையில் பரிசீலிப்பதால், கடைசித் தேதி நவம்பர் என்று போட்டிருந்தாலும் அக்டோபரிலேயே இடங்கள் தீரத் தொடங்கும்.

2027 செப்டம்பரில் படிப்பு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2028 கோடைக்கான விண்ணப்பம் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே திறந்துவிடும். ஹாஸ்டல் சாவி வாங்கி, பேங்க் அக்கவுன்ட் திறந்து, அரிசி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி சீசன் முடிந்துவிடும். ஆகவே ஒரு பக்க சிவி, நியூமரிக்கல் டெஸ்ட் பயிற்சி, வீடியோ இன்டர்வியூ எல்லாம் ஜூலை, ஆகஸ்டில் வீட்டிலிருந்தே நடக்க வேண்டும்.

அடுத்த சிக்கல்: பல இன்டர்ன்ஷிப்புகள் "படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருப்பவர்களுக்கு" என்று போட்டிருக்கும். ஒரு வருட எம்எஸ்சி மாணவரை ஏற்பார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். வேலை அறிவிப்பில் "பட்டம் முடிக்கும் தேதி" என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அதற்கும் மேலே ஸ்டூடன்ட் விசா. வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மாஸ்டர்ஸ் மாணவருக்குக் கோடை என்பது ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம். அதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விடுமுறையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதாவது 12 மாதப் படிப்பில் ஜூனில் முழுநேர இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும் விசா இடிக்கலாம். எல்எஸ்இ எம்எஸ்சி ஃபைனான்ஸ் 10 மாதம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு 9 மாதம் என்பது இங்கேதான் உதவுகிறது: கோடை தொடங்கும்போது படிப்பும் முடிகிறது. ஆஃபர் வந்ததும் பல்கலைக்கழக விசா அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "இந்தப் படிப்பில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழுநேர வேலை செய்யலாமா?" பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை தவறிப்போனால் ஆஃப்-சைக்கிள். ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்கும் ஆறு மாத இன்டர்ன்ஷிப். லசார்டு, ராத்ஸ்சைல்டு போன்ற ஆலோசனை வங்கிகளில் இது வழக்கம். நம்மவர்கள் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரெஞ்சு, இத்தாலிய மாணவர்கள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் லண்டனுக்குள் வருகிறார்கள்.

இரண்டு வருடப் படிப்பு வேண்டுமென்றால் மிலானில் பொக்கோனி இருக்கிறது. முதல் வருடக் கோடை முழுதாக உங்களுக்கு. "இன்னும் ஒரு வருடம்" நிபந்தனையும் பொருந்தும். ஒரு கொக்கி: இத்தாலியில் படிக்கும் இந்தியருக்கு லண்டனில் இன்டர்ன்ஷிப் செய்யத் தனி விசா வேண்டும், அதற்கு வங்கி ஒத்துழைக்க வேண்டும்.

படி 4: படிப்புக்குப் பிந்தைய விசா

பிரிட்டனில் படித்தவர்களுக்கு கிராஜுவேட் விசா உண்டு. இரண்டு வருடம் தங்கி, ஸ்பான்சர் இல்லாமலே வேலை செய்யலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. நம் உதாரணத்தில் இருப்பவர் இந்த 18 மாதத்துக்குள்தான் ஆஃப்-சைக்கிளையும் முடித்து, வேலை தரும் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கும் மாறியாக வேண்டும். அந்த விசாவின் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பெரிய வங்கியின் அனலிஸ்டுக்கு அது பிரச்சினையே இல்லை. சிறிய ஆலோசனை நிறுவனங்களில் பிரச்சினை லைசென்ஸ்தான்: ஸ்பான்சர் செய்ய அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. அப்ளை செய்யும் முன் அதில் பெயரைத் தேடுங்கள்.

படி 5: லிங்க்ட்இன்னில் ஒரு மாலை

கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போய், ஊர் லண்டன் என்று வடிகட்டுங்கள். உங்கள் படிப்பை முடித்த முப்பது பேரை எக்செல்லில் போடுங்கள். நான்கு பத்திகள் (காலம், column) போதும்: இளங்கலை எங்கே, மாஸ்டர்ஸுக்கு முன் இன்டர்ன்ஷிப் உண்டா, முதல் வேலை என்ன, படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில்.

இரண்டாவது பத்தியில்தான் உண்மை தெரியும். ஐபி-யில் இருப்பவர்களில் பலர் மாஸ்டர்ஸுக்கு வரும்போதே இரண்டு இன்டர்ன்ஷிப் முடித்திருப்பார்கள். அப்படியானால் கிளம்பும் முன் ஒரு வருடம் மும்பையிலோ சென்னையிலோ டீல் அட்வைசரி (கம்பெனி வாங்கல், விற்றலுக்கு ஆலோசனை), வேல்யுவேஷன் (கம்பெனி மதிப்பீடு) வேலை பார்ப்பது, பட்டியலில் மூன்று இடம் மேலே உள்ள கல்லூரியைவிடப் பயன் தரும். இந்தியாவில் பட்டம் படித்துவிட்டு நேராகப் போனவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள். அந்த எண் பூஜ்யம் என்றால், கல்லூரி எவ்வளவு பெரியதானாலும் எனக்குத் தயக்கம் வரும்.

படி 6: பணமும் தேர்வும்

பிசினஸ் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் இப்போது 205 முதல் 805 வரை மதிப்பெண், இரண்டேகால் மணி நேரம். பழைய 800 கணக்கு மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

கல்விக் கட்டணம் போக, லண்டன் விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக மாதம் 1,529 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும்: 13,761 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் போட்டால் 15 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்று மேல். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; நடுவில் ஒரு நாள் அளவுக்குக் கீழே இறங்கினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அப்பாவின் எஃப்டி முதிர்வு தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு தனி.

ஆஃபர் வந்ததும் பல கல்லூரிகள் டெபாசிட் கேட்கும். பெரும்பாலும் திரும்பி வராது. கட்ட வேண்டிய கடைசித் தேதி, உங்களுக்கு அதிகம் பிடித்த இன்னொரு கல்லூரியின் முடிவு வருவதற்கு முன்பே விழும். அந்த எக்செல்லில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்து, டெபாசிட் தேதிகளை இன்றே எழுதி வையுங்கள்.