ஆப்பிரிக்காவின் பசுமை நிதி: நாடுகள் கைகோக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

2016இல் தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் மழை பொய்த்தது. மக்காச்சோளம்தான் அந்த மக்களுக்குச் சோறு. அது காய்ந்துபோனதும் ஏப்ரலில் அரசு பேரிடர் நிலையை அறிவித்தது. 65 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது.

மலாவி முன்யோசனை இல்லாமல் இருந்துவிடவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியம் 2012இல் உருவாக்கிய இடர் காப்பு அமைப்பில் சேர்ந்து, சுமார் 47 லட்சம் டாலர் பிரீமியம் கட்டியிருந்தது. பல நாடுகள் ஒரே உண்டியலில் பணம் போடும். வறட்சி வந்த நாட்டுக்கு அதிலிருந்து உடனே பணம் போகும். எல்லா நாட்டிலும் ஒரே வருஷம் மழை பொய்க்காது என்பதால், தனித்தனியாகக் காப்பீடு எடுப்பதைவிடச் செலவு குறைவு. 2015 தொடக்கத்தில் செனகல், மொரிட்டானியா, நைஜர் மூன்றுக்கும் சேர்த்து 2.6 கோடி டாலர் இப்படிக் கிடைத்திருந்தது.

மலாவிக்கு மட்டும் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் தரும் மழைத் தகவலை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள், பாதிக்கப்பட்டவர்கள் 20,594 பேர்தான் என்றது. இழப்பீட்டு வரம்பை அது தொடவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 120 முதல் 140 நாளில் விளையும் ரகம் என்று மென்பொருளில் பதிந்திருந்தார்கள். விவசாயிகளோ பெரும்பாலும் 90 நாள் ரகத்துக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். குறுகிய கால ரகத்துக்கு எந்த வாரத்தில் மழை நின்றால் உயிர் போகும் என்பது வேறு கணக்கு. ரகத்தைத் திருத்தியதும் 81 லட்சம் டாலர் வந்தது, ஆனால் பல மாதம் கழித்து. பசி அவ்வளவு நாள் காத்திருக்காது.

கூட்டுக் காப்பீடு வீண் என்று நான் இதைச் சொல்லவில்லை. அது மிக நல்ல ஏற்பாடு. வயலில் நிற்பது என்ன ரகம் என்று விதைத்தவரிடம் கேட்காமல் விட்டதுதான் தவறு. ஆப்பிரிக்காவின் பசுமை நிதி, அதாவது சூழலைக் காக்கவும் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கவும் திரட்டும் பணம் பற்றிப் படிக்கப் படிக்க, வெவ்வேறு உருவத்தில் இதே தவறுதான் கண்ணில் படுகிறது. நிதி எவ்வளவு என்பது மேடையில் முடிவாகிவிடுகிறது. நஷ்டம் வந்தால் யார் தலையில், லாபம் வந்தால் யார் கையில் என்பது எழுதப்படாமல் நின்றுவிடுகிறது.

நாடுகளுக்குப் பங்கு, ஊருக்கு?

இதற்கு மனந்தாலி அணையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. செனகல் ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972இல் ஓர் ஆற்று அமைப்பைத் தொடங்கின. அணை இருப்பது மாலி மண்ணில். ஆனால் 1978 ஒப்பந்தப்படி அது மூன்று நாடுகளின் பொதுச் சொத்து. செலவில் செனகலுக்கு 42.1%, மாலிக்கு 35.3%, மொரிட்டானியாவுக்கு 22.6%. மின்சாரத்தில் மாலிக்கு 52%, செனகலுக்கு 33%, மொரிட்டானியாவுக்கு 15%. வாங்கிய கடனுக்கு மூவரும் சேர்ந்தே பொறுப்பு. ஏழை நாடுகள் மூன்று, பெரிய கடனை இப்படிச் சேர்ந்து வாங்கியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. 1989இல் செனகலும் மொரிட்டானியாவும் ரத்தக்களரியாக மோதி எல்லையை மூடியபோதும் இந்த அமைப்பு கலையவில்லை. தசமப்புள்ளி வரை பங்கு எழுதியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, ஆற்றங்கரை ஊர்களுக்கு என்ன பங்கு எழுதினார்கள்? அங்கே வெள்ளம் வடிந்த பிறகு ஈரம் நிற்கும் நிலத்துக்கு வாலோ என்று பெயர். அந்த ஈரத்திலேயே சோளம் விதைத்து, தண்ணீர் பாய்ச்சாமலே அறுப்பார்கள். அணை வந்ததும் வெள்ளம் முன்போல வரவில்லை. நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 10,000 பேர் ஊர்விட்டு ஊர் மாறினார்கள். அணை 1988இல் முடிந்தும் மின்சாரம் 2001 கடைசியில்தான் பாய்ந்தது. அதுவும் தலைநகரங்களை நோக்கி. இடம்பெயர்ந்தவர்களின் தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பி போனது, வீட்டுக்குள் இருட்டு அப்படியே இருந்தது.

அப்புறம் நோய். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, ஆற்றின் வாய்ப்பகுதியில் 1986இல் டியாமா தடுப்பணை கட்டினார்கள். உப்பு போய் நன்னீர் தேங்கியதும் நத்தைகள் பெருகின. நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால்கள் முட்டையிட உவர்நீர் தேடிப் போக வேண்டும். அந்த வழியும் அடைபட்டது. ஓரிரு வருஷத்தில் செனகலின் ரிச்சார்-டோல் பகுதியில், நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் வெடித்தது. துணி துவைக்க வாய்க்காலில் இறங்கிய பெண்களும் குளிக்கப் போன பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். கடன் கணக்கில் இந்த மருத்துவச் செலவுக்கு ஒரு வரிகூட இல்லை. எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று திட்ட அறிக்கையின் முன்னுரையில் எழுதினால் போதாது. பங்கு எழுதும் பட்டியலிலேயே ஊருக்கும் ஓர் இடம் வேண்டும்.

டாலரில் கடன், நைராவில் வருமானம்

சூரிய மின்தகடு வாங்கும் குடும்பம் மாதத் தவணையைத் தன் நாட்டுப் பணத்தில்தான் கட்டும். அதை விற்கும் நிறுவனம் டாலரில் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகும்? நைஜீரியாவைப் பாருங்கள். 2023 ஜூனில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 1,500. 10 லட்சம் டாலர் கடனை அடைக்க 46 கோடி நைரா போதும் என்றிருந்தவர் இப்போது 150 கோடி தேட வேண்டும். வெயில் குறையவில்லை, தகடும் பழுதாகவில்லை, தவணையும் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் கடை மூடும் நிலை.

இதற்கு மருந்தும் அதே நாட்டில் இருக்கிறது. 2017 டிசம்பரில் நைஜீரிய அரசு 1,069 கோடி நைராவுக்குப் பசுமைக் கடன்பத்திரம் (சூழல் திட்டங்களுக்காக மக்களிடமும் நிறுவனங்களிடமும் கடன் வாங்கும் பத்திரம்) வெளியிட்டது, உள்நாட்டு நாணயத்திலேயே. வட்டி 13.48%. அதிகமாகத் தோன்றும், ஆனால் கடன் தொகை இரவோடு இரவாக மும்மடங்காகாது.

அதற்காக வெளிநாட்டு நாணயமே கூடாது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 2021இல் 75 கோடி யூரோவுக்குக் கடன்பத்திரம் விற்றது. அந்த வங்கியின் எட்டு நாடுகள் பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்க் என்ற நாணயம், யூரோவோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்டது. அந்தக் கட்டு இருக்கும்வரை ஆபத்து குறைவு. பக்கத்து நாடு செய்ததே என்று நைஜீரியா அதைக் காப்பியடித்தால் அடி வாங்கும்.

காற்றாலை தயார், கம்பி எங்கே?

கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் 365 காற்றாலைகள் 2017இல் தயார். மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவரும் 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கம்பி 2018இல்தான் இணைந்தது. சுழலாமல் நின்ற காலத்துக்கும் கென்யா பணம் கட்ட வேண்டியதாயிற்று. உற்பத்திக்கு நிதி தேடுபவர்கள் கம்பிக்கும் அதே நாளில் தேட வேண்டும். நாட்டுக்கு நாடு போகும் கம்பி என்றால் இன்னும் முன்னாலேயே. அந்தக் காற்றாலை நிலத்தின் பட்டாக்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021இல் மேரு நீதிமன்றம் சொன்னது தனிக் கதை. மேய்ச்சல் சமூகங்கள் தொடர்ந்த வழக்கு அது.

நட்ட கணக்கு, நிற்கும் கணக்கு

சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் நிலம் பாழாவதைத் தடுக்க 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய பசுமைப் பெருஞ்சுவர் திட்டத்தின் இலக்கு, 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது. 2021 ஜனவரியில் மட்டும் அதற்கு 1,400 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது. இவ்வளவு பணம் வரும்போது எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணத் தோன்றும். நட்ட கன்று அடுத்த கோடையைத் தாண்டியதா என்பது அந்த எண்ணிக்கையில் வராது.

நைஜரின் மராடி, ஜிண்டர் பகுதிகளில் 1980களின் நடுவிலிருந்து வேறொன்று நடந்தது. அதற்கு முன் வயலில் நிற்கும் மரம் அரசுக்குச் சொந்தம் என்பதால், விவசாயி முளையிலேயே வெட்டிவிடுவார். அந்தப் பிடி தளர்ந்ததும், மண்ணுக்குள் உயிரோடு இருந்த பழைய வேர்களிலிருந்து வரும் தளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தார்கள். கன்று வாங்கும் செலவும் இல்லை, நடும் வேலையும் இல்லை. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பி வந்தது. அவற்றில் காவோ என்ற மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்து, கீழே விதைத்த கம்புக்கு வெயில் விடும். வறண்ட மாதங்களில் தழைத்து ஆட்டுக்குத் தீனி போடும். இப்போது அதன் கிளையை வெட்டி விற்கும் காசு விவசாயிக்கே.