மறுநாளும் வறளாத தேங்காய் லேயர் கேக்: முதல் முறை செய்பவர்களுக்கு

தேங்காய் கேக் என்று பெயர் வைத்துவிட்டு, மேலே மட்டும் துருவலைத் தூவி முடித்துவிடுவது எனக்கு ஒப்பாது. துண்டின் நடுவிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாலும் தேங்காய் மணக்க வேண்டும். அதனால்தான் கேக் மாவிலும், அடுக்குகளின் மேல் தடவும் பாகிலும், க்ரீமிலும் தேங்காய்ப்பாலே ஊற்றுகிறேன்.

நான் முதலில் செய்த தேங்காய் கேக் சுட்ட அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் ரஸ்க் போல வறண்டு கிடந்தது. ஏன் என்று புரிவதற்குள் இன்னும் மூன்று கேக் போனது. உலர் தேங்காய்த்துருவலில் ஈரம் மிகக் குறைவு, ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதை அப்படியே மாவில் கொட்டினால், கேக்கில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் துருவலின் தாகத்தைத் தீர்த்துவிட்டு, பிறகு மாவில் சேர்த்தால் கேக் மறுநாளும் பஞ்சாகவே இருக்கும். கீழே இருக்கும் செய்முறையில் வேறு எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

8 அங்குல (20 செ.மீ.) வட்ட டின் இரண்டு. ஒரே டின் இருந்தாலும் பாதகமில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம்.

கேக்குக்கு: மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 180 கிராம், சர்க்கரை 280 கிராம், முட்டை 4, கெட்டித் தேங்காய்ப்பால் 280 மில்லி, இனிப்புச் சேர்க்காத உலர் தேங்காய்த்துருவல் 50 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்.

தடவும் பாகுக்கு: தேங்காய்ப்பால் 80 மில்லி, சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்.

க்ரீமுக்கு: மைதா 40 கிராம், சர்க்கரை 200 கிராம், தேங்காய்ப்பால் 120 மில்லி, சாதாரணப் பால் 120 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 220 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெளியே ஒட்ட இன்னும் 100 கிராம் துருவல்.

தயவுசெய்து எடை பார்த்தே அளந்துகொள்ளுங்கள். மைதாவைக் கப்பில் மெதுவாக அள்ளிப் போட்டால் 120 கிராம் வரும். அதே கப்பை மாவுக்குள் அழுத்தி மொண்டால் 150 கிராமைத் தாண்டிவிடும். இரண்டு கப் அளப்பதற்குள் 60 கிராம் மாவு கூடிவிட்டால், கெட்டியான கேக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. கார்ன்ஃப்ளார் எதற்கென்றால், மைதாவில் இருக்கும் பசைத்தன்மையின் பங்கை அது குறைக்கிறது. கேக் வாயில் கரையும்.

முட்டை, வெண்ணெய், தேங்காய்ப்பால் மூன்றையும் ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மேலே திரண்டு நிற்கும். அளப்பதற்கு முன் நன்றாகக் கலக்கிவிட வேண்டும். வீட்டில் பிழிவதாக இருந்தால் முதல் பாலை மட்டும் எடுங்கள். இரண்டாம் பாலில் மணமும் கொழுப்பும் போதாது.

முதல் வேலை: துருவலை ஊற வைப்பது

280 மில்லி தேங்காய்ப்பாலில் 80 மில்லியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, 50 கிராம் துருவலின் மேல் ஊற்றிக் கிளறி மூடி வையுங்கள். இருபது நிமிடத்தில் துருவல் உப்பி, விரலால் நசுக்கினால் மெத்தென்று இருக்கும். அதுதான் பதம்.

புதுத் தேங்காய் துருவிப் போடலாமா? தாராளமாகப் போடலாம். அதில் பாதிக்குப் பாதி ஈரமே இருப்பதால் ஊற வைக்க வேண்டியதில்லை. அந்த 80 மில்லிப் பாலையும் விட்டுவிடுங்கள். பழுப்புத் தோலைச் சீவிவிட்டு வெள்ளைப் பகுதியை மட்டும் துருவினால் கேக்கின் நிறம் கெடாது. ஆனால் புதுத் தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். அந்தக் கேக்கை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

டின்னும் ஓவனும்

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். டின்னின் அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பர் போட்டு, சுற்றிலும் வெண்ணெய் தடவி மைதா தூவித் தட்டிவிடுங்கள்.

வெண்ணெயும் சர்க்கரையும்

வெண்ணெயை விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. எண்ணெய் தெரிந்தால் இளகிவிட்டது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரில் நடுத்தர வேகத்தில் 5 நிமிடம் அடியுங்கள். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரையின் கூர்மையான மணிகள் வெண்ணெய்க்குள் குடைந்து நுண்ணிய காற்றுக் குமிழ்களை அடைத்து வைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை. இங்கே அடைபட்ட குமிழ்களைத்தான் ஓவனில் ஊதிப் பெரிதாக்குகிறது. ஆகவே கேக் எவ்வளவு உயரும் என்பது பெருமளவு இந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. மஞ்சள் வெளுத்துத் தந்த நிறத்துக்கு வந்து, பார்க்கவே லேசாகத் தெரியும்போது நிறுத்துங்கள்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுக்கக் கலந்த பிறகே அடுத்ததை உடையுங்கள். கடைசி முட்டையில் கலவை திரிந்தது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். முட்டையில் உள்ள தண்ணீரை வெண்ணெயால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்பூன் மைதா போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். வெனிலாவையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

மாவைச் சேர்ப்பது

மைதா, கார்ன்ஃப்ளார், பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு, மீதி 200 மில்லி தேங்காய்ப்பாலில் பாதி, மறுபடி மாவு, மறுபடி பால், கடைசியில் மிச்ச மாவு என்ற வரிசையில், பீட்டரை ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுச் சேருங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் பீட்டரை எடுத்துவிட வேண்டும். ஈரம் பட்ட மைதாவைக் கிளறக் கிளறப் பசை இறுகும். சப்பாத்திக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம்.

ஊறிய துருவலை ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்துவிடுங்கள். மொத்தக் கலவை 1,280 கிராமுக்குப் பக்கத்தில் வரும். டின்னுக்கு 640 கிராம் என்று எடை பார்த்தே ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒரே உயரத்தில் நிற்கும்.

சுடுவது

நடுத் தட்டில் 30 முதல் 35 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. நடுப்பகுதி இறுகுவதற்கு முன் குளிர்ந்த காற்று பட்டால் குழிந்துவிடும். நடுவில் ஒரு குச்சியைக் குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும், ஓரங்கள் டின்னிலிருந்து லேசாக விலகியிருக்க வேண்டும். தேங்காய்த்துணுக்கு ஒன்றிரண்டு குச்சியில் ஒட்டியிருந்தால் அதை வேகாத மாவு என்று நினைத்து மேலும் சுட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு கேக்கை வறட்டினேன்.

பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்து, பேப்பரை உரித்துவிடுங்கள்.

க்ரீம்: கேக் வேகும்போதே தொடங்குங்கள்

ஐசிங் சர்க்கரையைக் கொட்டி அடிக்கும் பட்டர் க்ரீம் சுலபம்தான். ஆனால் அந்தத் தித்திப்பில் தேங்காயின் மென்மையான மணம் அமுங்கிப்போகிறது. அதனால் நான் மாவு காய்ச்சிச் செய்யும் க்ரீமையே விரும்புகிறேன். வேலை கொஞ்சம் கூட, ருசி நிறையவே கூட.

மைதா, சர்க்கரை இரண்டையும் ஒரு சின்னப் பாத்திரத்தில் கலந்து, பாலையும் தேங்காய்ப்பாலையும் சிறிது சிறிதாக விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். மிதமான தீயில் கை விடாமல் கிளற வேண்டும். கூழ் போல இறுகிக் குமிழ் விடத் தொடங்கியதும் மேலும் ஒரு நிமிடம் கிளறினால் பச்சை மாவு வாசனை போய்விடும். தட்டில் பரப்பி, ஆடை படியாமல் இருக்க மேலே ஒட்டினாற்போல் கிளிங் ஃபிலிம் போட்டு ஆறவிடுங்கள்.

முழுக்க ஆற வேண்டும். தட்டின் அடியைத் தொட்டால் துளிச் சூடும் இருக்கக் கூடாது. இருந்தால் வெண்ணெய் உருகிக் க்ரீம் குழம்பாகிவிடும்.

220 கிராம் வெண்ணெயைத் தனியாக 4 நிமிடம் அடித்து வெளுக்கவைத்து, ஆறிய கூழை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அடியுங்கள், உப்பும் போடுங்கள். நடுவில் திரிந்தது போலத் தோன்றினாலும் நிறுத்தாமல் அடித்தால் வெல்வெட் போலச் சேர்ந்து வரும். தளர்வாக இருந்தால் பாத்திரத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள்.

அடுக்குவது

கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் பல் உள்ள ரொட்டிக் கத்தியால் சீவி எடுங்கள். சீவிய துண்டு செய்தவருக்கே சொந்தம். சாப்பிட்டுப் பார்த்தால் உப்பு, இனிப்பு, வேக்காடு எல்லாம் தெரிந்துவிடும்.

பாகுக்கான தேங்காய்ப்பாலில் சர்க்கரை கரையும் வரை சூடாக்கி, இரண்டு அடுக்கின் சீவிய பக்கத்திலும் பிரஷால் தடவுங்கள். தட்டில் ஒரு அடுக்கு, அதன் மேல் க்ரீமில் மூன்றில் ஒரு பங்கு, அதன் மேல் இரண்டாவது அடுக்கைச் சீவிய பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வையுங்கள். அடிப்பாகம் மேலே வருவதால் உதிரி குறைவு, மட்டமாகவும் இருக்கும்.

முதலில் மெல்லிய பூச்சாகச் சுற்றிலும் தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உதிரும் தூள்களெல்லாம் இந்தப் பூச்சில் சிக்கிக்கொள்ளும். பிறகு மிச்சக் க்ரீமைத் தாராளமாகத் தடவுங்கள். வழவழப்பாக வரவில்லையே என்ற கவலையே வேண்டாம், தேங்காய் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒட்டும் துருவலில் பாதியை வெள்ளையாகவே வைத்துக்கொண்டு, மீதியை 160 டிகிரியில் 5 முதல் 7 நிமிடம் வறுத்தால் மணம் தூக்கலாக இருக்கும். பக்கத்திலேயே நின்று இரண்டு முறை கிளறுங்கள். வெளுப்பிலிருந்து கருகலுக்குப் போக ஒரு நிமிடம் போதும். ஆறிய பிறகு உள்ளங்கையில் அள்ளிப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்துங்கள்.

எப்போது வெட்டுவது

அன்றே வெட்டலாம். ஓர் இரவு மூடி வைத்து வெட்டினால் பாகும் க்ரீமும் கேக்கில் ஊறி இன்னும் நன்றாக இருக்கும். மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பரிமாறாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும் இயல்புடையது, வெண்ணெயும் அப்படியே இறுகும். அந்த நிலையில் சாப்பிட்டால் கேக் கட்டியாக இருப்பதாகத்தான் தோன்றும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, குளிராக இருக்கும்போதே துண்டு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பரிமாறுங்கள். மிச்சம் இருந்தால் வெட்டிய முகத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி மூடி வையுங்கள்.