சிப் மாறும்போது மேக் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினியின் பிராசசரை, அதாவது முக்கிய சிப்பை, மூன்று முறை மாற்றியிருக்கிறது. 1994இல் மோட்டோரோலாவை விட்டு பவர்பிசி, 2006இல் இன்டெல், 2020இல் சொந்தத் தயாரிப்பான எம்1. ஒவ்வொரு முறையும் அதிகம் அடிபட்டவர்கள், மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் பழைய சிப்பில் பணம் போட்டவர்கள்தான்.

இன்டெலுக்குப் போகிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூனில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் நான்கு கோர் கொண்ட பவர் மேக் ஜி5 விற்பனைக்கு வந்தது. விலை 3,299 டாலர், அசுர வேகம். ஆனால் 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளப் (ஓஎஸ்) பதிப்பை அதில் ஏற்ற முடியவில்லை. இயந்திரத்துக்குத் தெம்பு இல்லாமல் இல்லை. பவர்பிசிக்கான பதிப்பையே ஆப்பிள் போடவில்லை. இன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் மேக் எடுப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். 2025இல் வந்த டஹோ என்ற ஓஎஸ் பதிப்பு சில இன்டெல் மாடல்களில்தான் ஓடும், இன்டெலுக்கு அதுவே கடைசி. 2020இல் வந்த இன்டெல் மேக்புக் ஏருக்கு அதுவும் கிடையாது. ரேம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பதிப்பு வரை ஏறும் என்று கேளுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய தவறாகத் தெரிவது, பழைய ஆப்தான் ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுவது. அதை ஓடவைப்பது ரொசெட்டா என்ற மென்பொருள்; பழைய சிப்புக்கு எழுதிய ஆப்பைப் புது சிப்புக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும். முதல் ரொசெட்டா 2006இல் வந்தது. 2011இல் லயன் என்ற ஓஎஸ் பதிப்பு வந்தபோது எடுத்துவிட்டார்கள். வீட்டு வரவுசெலவை குவிக்கன் 2007 என்ற கணக்கு ஆப்பில் எழுதிவந்தவர்களால் லயனுக்கு மாறியதும் அதைத் திறக்கவே முடியவில்லை. லயனில் ஓடும் பதிப்பு 2012இல்தான் வந்தது. இப்போதுள்ள ரொசெட்டா 2-உம் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும், அப்புறம் சில பழைய கேம்களுக்கு மட்டும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. மேக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் ‘கைண்ட்’ என்ற பத்தியைப் பாருங்கள். ஓடுகிற ஆப்பில் எதற்கு நேராக ‘இன்டெல்’ என்று இருக்கிறதோ, அதன் புதிய பதிப்பைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால், அது திறக்கும்போதே உங்கள் கோப்புகளை வேறு ஆப்பும் படிக்கக்கூடிய வடிவத்தில் சேமித்துவிடுங்கள்.

வெளிக்கருவிகளை மேக்கோடு இயங்கவைக்கும் டிரைவர் மென்பொருள் விஷயத்தில் ரொசெட்டா உதவாது. பழைய ஸ்கேனரோ ஆடியோ கருவியோ இருந்தால், புது மேக் வாங்குவதற்கு முன்பே அதற்கு டிரைவர் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். மேக்கில் விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப்பும் புது சிப்பில் இல்லை.

அதற்காக, நன்றாக வேலை செய்கிற இன்டெல் மேக்கைப் பதறிப்போய் விற்க வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் வருகிறவரை தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.