போலீஸ் கூட்டிக்கொண்டு போனால்: முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். ராத்திரி நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பல இப்படித்தான் தொடங்கும்: "அக்கா, விசாரணைன்னு தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னே சொல்லல."

நான் முதலில் சொல்வது, ஒரு தாளும் பேனாவும் எடுங்கள் என்பதுதான். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், யூனிஃபார்மா மஃப்டியா, வண்டி எண் என்ன, பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள் எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது கூறு. பயண நேரம் மட்டும்தான் அதில் கழியும். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதில்தான் பிறகு தகராறே வரும். நீங்கள் ராத்திரி 11 மணிக்கு வீட்டில் என்பீர்கள். ஸ்டேஷன் காகிதத்தில் காலை 6 மணிக்கு பஸ் ஸ்டாண்ட் என்று இருக்கும்.

எந்த ஸ்டேஷன் என்று தெரியாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்யுங்கள். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது. அப்புறம், நடந்ததை நாலு வரியில் எழுதி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ மின்னஞ்சல் அனுப்பி, அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். 2013-ல் தந்தி சேவை நிற்கும் வரை எங்கள் சீனியர்கள் இதற்குத் தந்தி கொடுப்பார்கள். தந்தியில் அடித்த நேரத்தை யாரும் மாற்ற முடியாது என்பதுதான் காரணம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-ஐ அழையுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஸ்டேஷனில் நீங்கள் கண் வைக்க வேண்டியது அரெஸ்ட் மெமோ மேல், அதாவது கைதைப் பதிவு செய்யும் தாள் மேல். குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்பான ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று ரைட்டர் நீட்டியதும் போட்டுவிடாதீர்கள். தேதி, நேரக் கட்டங்களைப் பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, "நேற்று இரவு 11 மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

இந்த மெமோ எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986 ஆகஸ்டில் மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் மரணச் செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 1996 டிசம்பரில் அதே வழக்கில் 11 கட்டளைகள் பிறந்தன. மெமோ அதில் ஒன்று. அந்தத் தீர்ப்புக்கு முன்பே ஒடிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. 1987 டிசம்பரில் போலீஸ் பிடித்துப்போன அவர் மகனின் உடல் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமை, குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 9-வது பிரிவில் இருக்கிறது. 1979-ல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றபோது, அப்படியொரு உரிமை எங்கள் சட்டத்தில் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற்றது. 1993-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துக்காட்டி, நீலாபதிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பாசு தீர்ப்பில், அரசு எழுதிக் கொடுத்த அந்த விலக்குக்கு இனி அர்த்தமில்லை என்றது. பின்னாளில் நாடாளுமன்றம் மெமோவைச் சட்டத்திலேயே சேர்த்தது. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 36-வது பிரிவு. ஸ்டேஷன் மேஜையில் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வரும்.

சரி, அடுத்தது மருத்துவப் பரிசோதனை. காயம் இருந்தால், அது ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்து டாக்டர் எழுத வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, பி.என்.எஸ்.எஸ். 53-வது பிரிவு. ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போகும்போது வீட்டார் ஒருவராவது அங்கே நில்லுங்கள், மாஜிஸ்திரேட் வீடாக இருந்தாலும் சரி. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே நிற்கும் போலீசுக்குப் பயந்து தலையை ஆட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அதற்காக அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. வக்கீல் கூட இருந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

மறுநாளே சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனு கொடுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதியிருக்கிறார். இந்த மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியவில்லையா? வேறு எங்கும் அலையாமல் ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுங்கள்.

ஆள் வந்துவிட்டார், ஆனால் அடித்திருக்கிறார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். தமிழில் எழுதினால் போதும், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். மாநில ஆணையத்தில் இருப்பதை தேசிய ஆணையம் விசாரிக்காது, அதனால் ஓரிடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். முதல் நாள் எழுதிய தாள், மெமோ, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் சேருங்கள். அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் பரிந்துரைதானே செய்யும் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புகாரைத் தொடர்ந்து நடத்தும்போது அந்தத் தீர்ப்பையும் குறிப்பிடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.